ரயில் மேட்டுக்கு எந்தப் பக்கம், அக்கா?

அக்கா,

இந்தக் கிழமை முழுக்க நாங்கள் நடந்த கடைத்தொகுதியில், அந்த மோலின் கீழ்த்தளத்தில் நனைந்த கார்ப்பெற் மணக்கிறது. திங்கட்கிழமை காலை நடக்கப் போனபோது, எங்கேயோ குழாய் வெடித்ததென்று சப்பாத்துக் கடைக்கு முன்னால் மஞ்சள் பலகைகளை வைத்து வழியை மறித்திருந்தார்கள். நடக்க வந்த மற்றவர்கள் முணுமுணுத்தபடி திரும்பிப் போனார்கள். நான் மட்டும் குளிரங்கியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். "அந்த மணம் லேசில போகாது பிள்ளை. கடையில பாண் மணத்தையும் திண்டிடும்" என்று வெள்ளக் கதை வரும்போதெல்லாம் நீங்கள் சொன்னது இதைத்தானா என்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். துப்புரவு செய்துகொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சாதாரண நாளென்றால் நானும் திரும்பியிருப்பேன். ஆனால் அதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, மயூரி இங்கிலாந்திலிருந்து ஒரு வீட்டின் வீடியோவை அனுப்பியிருந்தாள்.

என் மகளை நீங்கள் கடைசியாகக் கண்டது அவளுடைய கலியாணத்தில். இப்போது அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான், தத்தித் தத்தி நடக்கிறான். புருசன் டொம்முக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, இவளுக்கு அங்கே ஒரு சின்ன நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை. கிட்டத்தில் வீடு தேடிக்கொண்டு போனபோது ஹேசல்ஃபோர்ட் என்ற ஊர்ப்பெயரைக் கண்டிருக்கிறாள். சின்ன வயதில் உங்கள் குசினி மேசையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு அவள் கேட்ட பெயர். "அம்மா, அன்ரியின்ர ஊரில வீடு" என்று துள்ளினாள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த நிமிடம் சந்தோசம்தான். புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒன்று. பெரிய யன்னல்கள், பின்னால் பச்சைப் புல், புல்லின் முடிவில் தண்ணீர் மினுங்கியது. வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றாள். வீடியோவை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தபிறகுதான் எனக்குத் தண்ணீர் உறைத்தது. அது எந்தத் தண்ணீர், அக்கா? உங்கள் கடைக்குள் வந்த தண்ணீரா?

யாழ்ப்பாணத்து ஆட்கள் கூடினால் முதற் கேள்வி "எந்த ஊர்" என்பதுதானே. ஒரு கலியாண வீட்டில் ஒரு அங்கிள் உங்களிடம் அதைக் கேட்க, நீங்கள் சற்றும் யோசிக்காமல் ஹேசல்ஃபோர்ட் என்றீர்கள். அவர் வடமராட்சிப் பக்கம் அப்படி ஒரு இடம் இருக்கிறதோ என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். பிறந்த ஊரைப் பற்றி நீங்கள் கதைத்து நான் கேட்டது குறைவு. "எங்கட ஊர்" என்று நீங்கள் வாயெடுத்தால் அது இங்கிலாந்தின் அந்தக் குட்டிக் கிராமம்தான். ஒரு தேவாலயம், குடிக்க ஒரு தவறணை, ஒரு கடை. அந்தக் கடையைத்தான் நீங்களும் உங்கள் வீட்டுக்கார அண்ணையும் இருபது வருசத்துக்குக் கிட்ட நடத்தினீர்கள், மேல்மாடியில் பிள்ளைகளோடு குடியிருந்துகொண்டு. கனடாவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

நான் அந்த ஊரை ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். அதற்குக் காரணம் இந்த மோல். கனடாக் குளிரில் வெளியில் நடந்தால் வழுக்கி விழுந்து இடுப்பு முறியும் என்று, கடைகள் திறக்க முதல் இங்கே வந்து சுற்றிச் சுற்றி நடக்கிற கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். வெறும் சுவரையும் பூட்டின கடைகளையும் பார்த்து நடக்கச் சலிப்பாக இருக்கிறதென்று நான் ஒருநாள் சிணுங்க, "வா, எங்கட ஊரைச் சுத்திக் காட்டுறன்" என்று நீங்கள் தொடங்கினீர்கள். ஒரு கோடியில் இருந்த பெரிய உடுப்புக் கடை தேவாலயமாயிற்று. சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவிலிருந்த வெளி ஊர்ப் புல்வெளி. கீழ்த்தளத்துக்கு இறங்குகிற சரிவு ஆலைத்தெரு. ஒரு காலத்தில் தண்ணீரில் சுற்றுகிற மாவாலை அங்கே இருந்ததாம், இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். மோலின் நடுவில் கைபேசி உறை விற்கிற தள்ளுவண்டிக் கடைகள் வரிசையாக நிற்குமே, அதுதான் பழைய ரயில் மேடு.

ரயில் மேட்டைப் பற்றிச் சொல்லும்போது நீங்கள் நடப்பதை நிறுத்திவிடுவீர்கள். அந்தப் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி உயர்த்தி ரயில் விட்டார்கள். பிறகு ரயிலும் நின்றது, தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், மேடு மட்டும் மரம் முளைத்து நிற்கிறது. ஆறு அந்தப் பக்கம் போக மேட்டுக்குக் கீழே ஒரு சின்ன மதகுதான் வழி. இலையும் கொப்பும் வந்து மதகை அடைத்தால், தண்ணீர் போக இடமில்லாமல் தேவாலயப் பக்கமாகத் திரும்பி ஏறும். "மேட்டுக்கு அந்தப் பக்கம் வெய்யில், இந்தப் பக்கம் வெள்ளம்" என்று கையை வெட்டிக் காட்டுவீர்கள். தேவாலய வாசற்கல்லில் எந்த எந்தக் காலத்து வெள்ளம் எதுவரை வந்தது என்று கோடு கோடாக வெட்டி வைத்திருக்கிறார்களாம். தேவாலயம் மட்டும் உயர்ந்த ஒரு திட்டியில் நிற்பதால் அதற்குள் ஒருபோதும் தண்ணீர் போகவில்லையாம்.

தேவாலயத்துக்கும் ரயில் மேட்டுக்கும் நடுவில் ஒரு மேய்ச்சல் தரை. அதில் கும்பி கும்பியாக மேடுகள். ஆதியில் ஊர் இருந்ததே அங்கேதான், அந்தக் கும்பிகள் எல்லாம் வீட்டு அத்திவாரங்கள் என்று சொன்னீர்கள். கொள்ளை நோய் வந்து சனம் செத்ததென்று ஒருவர் சொல்வார், செம்மறி வளர்க்கிறதற்காகப் பிரபு ஒருவர் சனத்தைக் கலைத்துவிட்டார் என்று இன்னொருவர் சொல்வார். தவறணைக்காரருக்கு வேறொரு கதை. "ஆளுக்கொரு கதை பிள்ளை. ஆனா அதுக்குப் பிறகு ஒருத்தரும் அங்க வீடு கட்டேல்ல" என்று நீங்கள் முடிப்பீர்கள். அதற்குள் நாங்கள் சப்பாத்துக் கடையடிக்கு வந்துவிடுவோம். உங்கள் கணக்கில், ஆறு பெருகினால் தண்ணீர் அதுவரை வரும்.

தெரிந்துகொண்டு நீங்கள் ஏன் அந்தப் பள்ளத்தில் கடையை வாங்கினீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நாங்கள் பிறந்த இடத்தில் ஆறென்று ஒன்று இல்லை. மாரிக்கு வெள்ளம் நிற்கும், வடியும், பிறகு வருசம் முழுக்கக் கிணறு வற்றுமோ, தண்ணீர் உப்பாகுமோ என்பதுதான் எங்களுக்குக் கவலை. அப்படிப்பட்ட ஒருத்திக்கு, கடையின் கொல்லைப்புறத்தில் நல்ல தண்ணீர் இரவு பகலாகச் சும்மா ஓடுகிறதைக் காட்டினால் என்ன செய்வாள்? காணி வாங்கினால் கிணற்றோடு வாங்க வேண்டும் என்கிற புத்தியில் அண்ணையின் கையைப் பிடித்து இழுத்து, உடனே சரியென்று சொல்ல வைத்திருக்கிறீர்கள். அந்த ஊர்ச் சனம் ஒன்றுக்கும் அந்த ஆசை இருந்திராது. முதல் மாரியிலேயே பாணும் மாவும் பத்திரிகைகளும் மிதந்தன. வீடியோவில் தண்ணீர் மினுங்கியபோது எனக்கும் அதே புத்திதான் வந்தது, பாருங்கள்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விசயம். மயூரி பெருந்தெருவில் கார் ஓடினால் பயம், பனி கொட்டினால் பயம், கொட்டாவிட்டால் ஏன் கொட்டவில்லை என்று பயம். பிள்ளைகளுக்கு என் பயம் குளிர்பெட்டியின் இரைச்சல் போலப் பழகிவிட்டது, கேட்பதேயில்லை. நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். நடக்கும்போது நான் என் பயங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட, நீங்கள் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "உது தேத்தண்ணிப் பயம்" என்பீர்கள். அதாவது ஒரு தேத்தண்ணி குடித்தால் போய்விடும். எப்போதாவது ஒன்றுக்கு, "உதுக்கு ஏதும் செய்யத்தான் வேணும்" என்பீர்கள். என் நெஞ்சு நோவைப் பற்றி அப்படித்தான் சொன்னீர்கள். நான் வைத்தியரிடம் போனேன், இன்றைக்கு இருக்கிறேன். உங்களுக்கு வந்த நோயைப் பற்றி மட்டும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. போன மாரியில் போய்விட்டீர்கள். அன்றையிலிருந்து என் பயங்களெல்லாம் தரம் பிரிக்காமல் ஒரே குவியலாகக் கிடக்கின்றன.

உங்கள் மகன் இங்கே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கப் போன நாள் ஞாபகம் வருகிறது. சோளக்காட்டை வெட்டிக் கட்டுகிற புது வீடுகள். மாதிரி வீட்டில் விற்பனைக்கு நின்ற பெண் குசினிக் கல்லையும் குளியலறைகளையும் காட்டிக்கொண்டு வர, நீங்கள் யன்னலால் எட்டிப் பார்த்து, முந்தி இந்த வயலில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடினது என்று இங்கிலிசில் கேட்டீர்கள். அவள் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றாள். உங்கள் மகன் வெட்கத்தில் சுவரைப் பார்த்தான். நானும் உங்கள் கையைக் கிள்ளினேன். நீங்கள் பதில் வரும்வரை அசையவில்லை. இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து இந்த மனுசிக்கு வந்தது என்று அன்றைக்கு நான் வியந்தேன்.

திங்களும் செவ்வாயும் வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு மோலைச் சுற்றினேன். யன்னலுக்கு வலப்புறம் தேவாலயக் கோபுரம் தெரிகிறது. பின்னால் மரங்கள் வரிசையாக நிற்கிற ஒரு நீள மேடு. அப்படியென்றால் வீடு இரண்டுக்கும் நடுவிலோ? ஆனால் கோபுரம் வலப்பக்கம் தெரிகிறதென்றால் அவள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள்? பெரிய உடுப்புக் கடைக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தேன், பிறகு திரும்பி நின்று பார்த்தேன். நீங்கள் போன பிறகு அந்தக் கடையையும் மூடி வெள்ளைப் பலகை அடித்துவிட்டார்கள். தள்ளுவண்டிக் கடைகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் ரயில் மேடு முன்பு எங்கே நின்றது, மின்படிக்கட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எனக்குத் தடுமாறிவிட்டது. காவலாளி வந்து ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன்.

செவ்வாய் மத்தியானம் மயூரியை அழைத்தேன். முதல் வசனத்திலேயே அவளுக்கு என் குரல் பிடிபட்டுவிட்டது. "அம்மா, ப்ளீஸ், ஸ்டார்ட் பண்ணாதேங்கோ" என்றாள். சட்டத்தரணி எல்லாம் பார்த்தாயிற்றாம், ஆபத்துக் குறைவு என்று எழுதியிருக்கிறதாம், தண்ணீர் தேங்கக் குளம் வெட்டியிருக்கிறார்களாம். நான் மதகைப் பற்றிச் சொன்னேன், கும்பிகளைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் எப்போது அம்மா அங்கே போனீர்கள் என்று கேட்டாள். போகவில்லை, மோலில் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? அப்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். "அவ்வளவு மோசமெண்டா அன்ரி ஏன் அங்கயே இருந்தவ? முதல் வெள்ளத்தோட வந்திருக்கலாம்தானே?"

இத்தனை குளிர்காலம் உங்களோடு நடந்தும் அதை மட்டும் நான் கேட்கவில்லை. உங்களுக்கு அந்த ஊரில் ஆசை, அதனால் இருந்தீர்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஸ்ரௌவ்வில்லுக்கு, உங்கள் மகன் வீட்டுக்கு அழைத்து அண்ணையிடம் கேட்டேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், ஆனால் இந்தக் கேள்வி அவருக்கு நன்றாகக் கேட்டது.

"ஏன் தங்கச்சி, அவ உங்களுக்குச் சொல்லேல்லையோ? வெள்ளம் வத்தின கையோட விக்கப் பாத்தம். ஒருத்தரும் வாங்க வரேல்ல. பிள்ளையளையும் கொண்டு எங்க போறது?" என்றார். "மழை பெஞ்சா அவவுக்கு நித்திரை இல்லை. குடையையும் பிடிச்சுக்கொண்டு மதகடியில போய் நிண்டு பாத்துக்கொண்டு நிப்பா. அந்தச் சேர்ச் கல்லில கோடு பாத்தது, கிழவன் கிழவியளிட்டப் போய்ப் போய்ப் பழைய கதை கேட்டது எல்லாம் பயத்திலதான். பயத்திலதான் அவ அந்த ஊரைப் படிச்சவ. ஆசையெல்லாம் பிறகு வந்தது."

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். என் பயங்களையெல்லாம் அப்படி நிதானமாகத் தரம் பிரித்த மனுசி என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளியாக இருந்திருக்கிறீர்கள். எனக்குக் கோபமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? உங்கள் பயத்துக்கு நானும் ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்திருப்பேனே. அழுது முடிய, முகத்தைக் கழுவிக்கொண்டு மயூரியை மறுபடி அழைத்தேன். இந்தமுறை கெஞ்சவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. அன்ரி ஆசையில் இருக்கவில்லை, விற்க முடியாமல் இருந்தவ, மழைக்கு மழை மதகடியில் நின்றவ என்று அண்ணை சொன்னதை அப்படியே சொன்னேன். நாளைக்கு அங்கே மழை என்று பார்த்திருக்கிறேன், வீட்டைப் பார்க்க வேண்டாம், மதகைப் போய்ப் பார், மேட்டுக்கு எந்தப் பக்கம் வீடு நிற்கிறதென்று பார், ஆலைத்தெருவில் பழைய ஆட்கள் இருந்தால் கதவைத் தட்டிக் கேள், பிறகு உன் விருப்பம் என்றேன். என் குரல் நடுங்கியதுதான். நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து நான் நடக்கப் போகவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு யன்னலுக்கும் போனுக்கும் நடுவே நடந்தேன். அங்கே மத்தியானம் கடந்திருக்கும், அழைப்பு வந்தது. முதலில் மழைச் சத்தம்தான் கேட்டது.

மதகு பாதி அடைத்துக் கிடக்கிறதாம். கும்பிகளுக்கு இடையில் தண்ணீர் நிற்கிறதாம், பெரிதாக ஒன்றுமில்லை, தாரா வாத்து நீந்துகிற அளவு. வெட்டின குளம் அதைத் தாங்குமோ தாங்காதோ தெரியவில்லை என்று டொம் சொன்னானாம். வீடு மேட்டுக்கு இந்தப் பக்கம்தான், அக்கா. நீங்கள் கையை வெட்டிக் காட்டிய அதே பக்கம். ஆலைத்தெருவில் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்து, இவள் நிறத்தைப் பார்த்துவிட்டு, கடைக்காரப் பெண்ணின் மகளா என்று கேட்டிருக்கிறா. அவவைத் தெரிந்தவள் என்று இவள் சொன்னதும் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறா.

"அம்மா, அந்த மனுசி என்ன சொன்னவ தெரியுமோ?" என்றாள் மயூரி. "அந்தக் காலத்தில மழை பெஞ்சா அந்தத் தெருச் சனம் நிம்மதியாப் படுக்குமாம். அன்ரி முழிச்சிருப்பா எண்டு எல்லாருக்கும் தெரியுமாம்."

அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், மேல்தெருவில் ஏதாவது வரும்வரை வாடகைக்கே இருப்போம் என்று அவள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள். வாடகை வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் என்று உடனே அடுத்த பயம் எனக்குள் எழும்பியது. இதை நான் சாகும்வரை சுமப்பேன், அக்கா, எனக்குத் தெரியும். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பதும் இதுதான் போலிருக்கிறது. ஆனால் இனி இதற்காக ஒருவரிடமும் வெட்கப்பட மாட்டேன்.

பிறகு மயூரி, பிறந்ததிலிருந்து என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டாள். "வேற என்னத்துக்கு அம்மா பயப்பிடுறீங்கள்? சொல்லுங்கோ."

எத்தனையோ இருந்தன. வாயில் வந்தது ஒன்றுதான். "அன்ரியும் போயிட்டா. இனி ஆரிட்டக் கேக்கிறது எண்டு பயமாக் கிடக்குது" என்றேன்.

"என்னட்டக் கேளுங்கோ" என்றாள்.

கேட்டேன், அக்கா. அங்கே இன்னும் மழையா என்று கேட்டேன்.

"ஓம் அம்மா, பெய்யுது" என்றாள். "நாங்கள் மேட்டிலதான் நிக்கிறம்."